உரலில் இடித்த மருந்தும் முதுகில் சுமந்த மருந்தும்

கண்டி நகரத்து ஏரிக்கரையை விட்டுத் தென்கிழக்காக ஏறும் தெருவிலே மூன்று மைலுக்குள் அம்பிட்டிய என்னும் ஊர் வரும். பதின்மூன்றாம் லியோ என்னும் பாப்பரசர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரைப் பயிற்றுவிக்கவென்று 1893ஆம் ஆண்டில் நிறுவிய குருமடத்தின் பெயராலேயே வெளியூரார் பலர் அவ்வூரை அறிந்திருப்பர். அக்குருமடம் எழுந்த குன்றின் சரிவில் மாலை வேளையில் ஒருவர் சற்றே நின்று சுற்றுமுற்றும் பார்ப்பாராகில், வடகிழக்கே மகாவலி கங்கைக்கு அப்பால் தும்பறை மலைகள் அடுக்கடுக்காக நீலம் பாய்ந்து தெரிவதையும், தெற்கே தலாத்துஓயாவைக் கடந்து ஹேவாஹெட்டைப் பக்கம் போகும் தெரு மலைகளுக்குள் நுழைந்து மறைவதையும், மேற்கே ஹந்தானை மலை புல்லும் தேயிலையும் கலந்த பசுமையோடு நகரத்தின்மேல் கவிந்து நிற்பதையும் காண்பார். இம்மூன்று திசைகளும் எனக்கு நெடுங்காலமாக மூன்று தொழில்களை நினைவூட்டி வருகின்றன. நெருப்பும் வாயுவும் விஷமும் மனிதனுடைய கைக்கு மிக அருகிலே நின்ற தொழில்கள் அவை. அவற்றை அடக்கியாளும் உபாயத்தை யார் அறிந்திருந்தார்கள், அந்த அறிவுக்கு அரசும் சட்டமும் எக்காலத்தில் துணை வந்தன, எந்த இடத்தில் வராமல் நின்றுவிட்டன என்பதே இங்கே நான் சொல்ல எடுத்துக்கொண்ட விஷயம்.

நம்முடைய பாஷையில் மருந்து என்னும் சொல் பரந்த பொருளுடையது. நோய் தீர்ப்பதும் மருந்து. துப்பாக்கியில் இட்டுக் கெட்டிப்பதும் மருந்து. பயிரிலே பற்றும் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும், இடையே முளைக்கும் களைக்கும் தெளிக்கின்ற நஞ்சும் மருந்துதான். தோட்டத்திலே வேலை செய்யும் ஒருவரைக் கேட்டால், ‘இன்னைக்கு மருந்தடிக்கிற வேலை’ என்று சொல்வாரேயன்றி, நஞ்சு தெளிக்கும் வேலை என்று சொல்லமாட்டார். பெயர் இனியதாயிருப்பதால் அபாயம் கண்ணுக்கு மறைகிறது என்று சிலர் குறை கூறுவர். நான் அப்படி நினைக்கவில்லை. அளவறிந்தால் காக்கும், அளவு தவறினால் கொல்லும் என்ற எச்சரிக்கையை மருந்து என்ற பெயரே தன்னுள் வைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வடகிழக்குத் திசையைப் பார்ப்போம். கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கிலேயர் கைக்கு மாறிய மறு வருஷம், ஜோன் தேவி என்னும் இராணுவ வைத்தியர் இத்தீவுக்கு வந்தார். 1820 வரை இங்கே தங்கி, மலைநாடு முழுவதும் நடந்து, கல்லையும் மண்ணையும் நீரையும் நோயையும் பரிசோதித்து, தாம் கண்டவற்றை 1821இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். இரசாயனம் அவருடைய குடும்ப வித்தை. உலகப் புகழ்பெற்ற இரசாயன சாஸ்திரியான ஹம்பிறி தேவி அவருடைய தமையனார். ஆகவே ஏனைய பிரயாணிகள் கோவிலையும் யானையையும் வருணித்துவிட்டுப் போன இடங்களில், இந்த வைத்தியர் பானையில் கொதித்ததையும் பாயில் வடிந்ததையும் கூர்ந்து பார்த்து எழுதிவைத்தார். தும்பறைப் பகுதியில் மேமூரா என்று அவர் குறிப்பிடும் இடத்துக்கு அருகே, மனித நடமாட்டம் அரிதான காட்டுக்குள், வௌவால்கள் செறிந்த பெருங்குகை ஒன்றில், வறண்ட மாதங்களில் வெடியுப்பு எடுக்கும் தொழில் நடந்துவந்ததை அவர் நேரில் கண்டார். நிலத்துக்காகவும் சாதிக்காகவும் அரசனுக்குச் செய்யவேண்டிய இராஜகாரிய ஊழியம் மலைநாட்டிலே எத்தனையோ வகையாயிருந்தது. குகையின் புழுதிக்குள் உடல் வெந்து வேலை செய்த இம்மனிதர்களின் உழைப்பும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அவர்கள் செய்த கிரமத்தைக் கேளுங்கள். குகைச் சுவரின் மேற்பரப்பிலே உப்புப் படிந்திருக்கும் பாறையைச் சிறிய கோடரிகளால் கொத்திச் சில்லுகளாக எடுத்து, இடித்துப் பொடியாக்கி, அதற்குச் சமமான அளவு மரச்சாம்பலைக் கலந்து, பாயினால் செய்த வடிகட்டியில் இட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். வடிந்த நீரை மண்பாத்திரத்தில் ஏந்திக் கொதிக்கவைப்பார்கள். எப்பொழுது இறக்குவது? இன்றைக்கு ஒரு தொழிற்சாலையில் மானியைப் பார்த்து அறிகின்ற அந்த நிலையை அவர்கள் ஓர் இலையைக்கொண்டு அறிந்தார்கள்: கொதிக்கும் நீரில் ஒரு துளியை எடுத்து இலையின்மேல் விடுவார்கள், துளி ஓடாமல் மெதுவாக இறுகி நின்றதேயானால் பதம் வந்துவிட்டது என்று பொருள். பிறகு ஆறவைத்து, விளைந்த பளிங்குகளைப் பரிசோதித்து, வேறு உருவமுடைய பளிங்குகள் கலந்திருந்தால் பொறுக்கி நீக்கி, சுத்தம் போதாவிட்டால் மறுபடியும் கரைத்து விளையவைப்பார்கள். பளிங்கின் உருவத்தைக்கொண்டு பொருளின் இனத்தை அறிகின்ற இந்த முறையை ஐரோப்பாவின் கல்விச்சாலையில் பயின்ற ஒருவர் காட்டுக்குள்ளே கண்டபோது, அவருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது.

வெடியுப்பைக்கொண்டு வெடிமருந்து செய்யும் வழி இன்னும் கவனத்துக்குரியது. ஐந்து பங்கு வெடியுப்புக்குக் கந்தகம் ஒரு பங்கு, கரி ஒரு பங்கு என்பது அவர் எழுதிவைத்த அளவு. இம்மூன்றையும் உலர்ந்த நிலையில் ஒன்றுசேர்த்து அரைப்பது எமனை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமானம். கல்லும் கல்லும் உரசிப் பிறக்கும் ஒரே ஒரு பொறி போதும். கண்டித் தொழிலாளர் மிக மெலிந்த சுண்ணாம்பு நீரையும் காட்டுக் கிழங்கு ஒன்றின் காறலான சாற்றையும் தெளித்துப் பொருள்களை நனைத்துக்கொண்டார்கள். நனைந்த கலவையை இரண்டு தட்டைக் கற்களுக்கு இடையே அரைத்தார்கள், அல்லது நெல் குத்தும் உரலிலே இட்டு இடித்தார்கள். இடித்து முடிந்தபின்பு அந்த ஈரமான திரளைக் கொதிநீரின் ஆவியிலே பிடித்து இளக்கினார்கள். நெருப்பின் பக்கத்திலே ஒருபொழுதும் கொண்டுபோகாமல், நெருப்பின் வேலையை நீராவியினிடம் வாங்கிய அந்த யுக்தியை எண்ணி எண்ணி நான் வியந்ததுண்டு. அந்த முறையை ‘மிகவும் முரட்டுத்தனமானது’ என்று கருதும் தொனி தேவியின் எழுத்திலே தெரிகிறது. சாதனங்களைப் பார்த்தால் அவர் கருத்துச் சரியே. ஆனால் ஒரு வீட்டு உரலிலே அடங்கும் அளவுக்குமேல் ஒரே சமயத்தில் மருந்து சேர்வதில்லை என்பதையும், அது எப்பொழுதும் ஈரமாகவே இருந்தது என்பதையும், சூட்டுக்கு ஆவி ஒன்றே துணை என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அபாயமான பொருளைக் கையாளும் சாஸ்திரத்தின் மூல நியமங்கள் அந்த முற்றத்திலே நடைமுறையில் இருந்தன என்று நான் சொல்லத் துணிவேன். அந்த நியமங்களை எழுதி ஒட்டுவதற்குச் சுவரும் இல்லை. படிப்பிப்பதற்குப் பள்ளியும் இல்லை. தகப்பன் மகனுடைய கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்த ஞானம் அது.

கண்டி இராச்சியம் கைமாறிய அதே 1815ஆம் ஆண்டிலேதான், தமையனார் ஹம்பிறி தேவி இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று தம்முடைய பாதுகாப்பு விளக்கைச் செய்துமுடித்தார். 1812ஆம் ஆண்டு மே மாதத்தில் வட இங்கிலாந்தின் பெலிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 ஆண்களும் சிறுவர்களும் மாண்டுபோன துயரம் அவரை அந்த வேலைக்கு இழுத்தது. விளக்கின் சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலையை அமைத்துவிட்டால், வலை சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே எரியும் நெருப்பு வெளியே இருக்கும் வாயுவைப் பற்றாது என்பது அவர் கண்ட உண்மை. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் உரிமைப்பத்திரம் எடுத்துப் பணம் சேர்க்க மறுத்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஆயினும் விளக்கு வந்தபின் நடந்தது வேறு. முன்பு அபாயம் என்று மூடிவைத்த ஆழமான பகுதிகளுக்குள்ளும் முதலாளிகள் ஆட்களை அனுப்பத் துணிந்தார்கள்; ஆகவே சுரங்கச் சாவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஒரு பாதுகாப்புச் சாதனம் யாருடைய கையிலே, என்ன நோக்கத்துக்காகப் போகிறது என்பதைப் பொறுத்தே அது உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. தமையனார் சுரங்கத்து வாயுவை அடக்க முயன்ற அதே பத்தாண்டிலே தம்பியார் தும்பறைக் குகையின் வாயிலில் நின்று வெடியுப்புக் காய்ச்சுவதைக் குறித்துக்கொண்டிருந்தார் என்பது மலைநாட்டுச் சரித்திரத்திலே நான் மிகவும் விரும்பி நினைக்கும் பக்கங்களில் ஒன்று.

இனித் தெற்கே ஹேவாஹெட்டைப் பக்கம் திரும்புவோம். அரசனுடைய துப்பாக்கிகள் ஓய்ந்தன. இராஜகாரியமும் 1830களின் தொடக்கத்தில் ஒழிந்தது. மலைகளிலே கோப்பி ஏறியது. 1869இல் இலைகளின் அடியிலே செம்மஞ்சள் துரு தோன்றி, சில ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னமே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தார் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை நட்டிருந்தார். அவருடைய முதல் தொழிற்சாலை அவர் குடியிருந்த வங்களாவின் விறாந்தைதான். மேசைகளின்மேல் கொழுந்தை வைத்து ஆட்கள் கையினால் உருட்டினார்கள்; மண்ணால் செய்த அடுப்புகளில் கரியை மூட்டி, அதன்மேல் கம்பித் தட்டுகளை வைத்து, உருட்டிய இலையைப் பரப்பி உலர்த்தினார்கள். கரி மூடமாக எரியும் இடத்தில் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கும். மூடிய அறையில் அது தலையை நோகச் செய்து, நித்திரையை வரவழைத்து, அந்த நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். விறாந்தை திறந்திருந்ததால் மலைக்காற்று அந்த நஞ்சைக் கலைத்துக்கொண்டுபோயிற்று. இலையைக் காயவைப்பதற்கென்று ஒழுங்குசெய்த இடம், தற்செயலாக ஆளையும் காத்தது.

பிறகு பெல்பாஸ்டு நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் தம்முடைய ‘சிரொக்கோ’ உலர்த்தியைச் செய்து உலகத்துக்குக் கொடுத்தார். நெருப்பு ஓர் இரும்பு அடுப்புக்குள்ளே தனியாக எரியும். அதன் புகை புகைபோக்கி வழியே வெளியேறும். அடுப்பைச் சூழ்ந்து சூடேறிய சுத்தமான காற்று மாத்திரமே இலையின் ஊடே போகும். தேயிலையில் புகைவாசனை ஏறாதிருக்கவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். எனினும் கரியடுப்பின்மேல் குனிந்து நின்று வெந்த மனிதனுடைய மார்புக்கும் இது பெரும் விடுதலையாயிற்று. தொழிற்சாலைப் பாதுகாப்பின் சரித்திரத்தை ஆராய்ந்தால் இத்தகைய நன்மைகள் பல தென்படும்: சரக்கின் தரத்துக்காகச் செய்த திருத்தம் தொழிலாளியின் உடம்புக்கும் உதவிற்று. அதற்கு நன்றி பாராட்டலாம். ஆனால் சரக்குக்கு வேண்டாத இடத்தில் திருத்தம் எப்போது வந்தது என்பதையும் உடனே கேட்டுவிட வேண்டும்.

ஹந்தானைத் திசை அந்தக் கேள்விக்கு உரியது. அங்கே 1925இல் கட்டிய நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, நெடுங்காலம் உழைத்து, பிறகு கைவிடப்பட்டுக் கிடந்து, 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. கண்டிக்கு வருகிற நம்மவர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களை நான் இந்தக் கட்டடத்துக்கும் போகுமாறு கேட்டுக்கொள்வேன். அது வேலைசெய்த காலத்தில் மேல்மாடிகளில் கொழுந்தை வாட்டினார்கள். கீழ்த்தளத்தில் உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துப் பிரித்தார்கள். அத்தனை யந்திரங்களுக்கும் ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. கூரையடியிலே கட்டடத்தின் நீளம் முழுவதும் ஓடும் ஓர் இரும்பு அச்சு; அதிலே வரிசையாகக் கப்பிகள்; ஒவ்வொரு கப்பியிலிருந்தும் ஒவ்வொரு யந்திரத்துக்கு இறங்கும் தோல் வார். அச்சைச் சுழற்றுவதற்கு மலையருவியின் விசை, நீராவி, எண்ணெய் யந்திரம் என்று பல வழிகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உறிஞ்சுவாயு யந்திரமும் பல தோட்டங்களில் வந்தது. கரியைப் போதிய காற்று விடாமல் எரித்து, நீராவியையும் செலுத்தி, பிறக்கும் எரிவாயுவை யந்திரம் தன் மூச்சினாலேயே உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாயுவின் முக்கியமான அங்கம் நான் மேலே சொன்ன காபனோரொட்சைட்டே. டெய்லரின் விறாந்தையிலே தற்செயலாகப் பிறந்து காற்றோடு போன நஞ்சு, இங்கே வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டு, குழாய்களுக்குள் அடைபட்டு, நாலு சுவருக்கு நடுவே ஓடியது. யந்திரம் சரியாக உறிஞ்சும்வரை வாயு உள்ளேயே நிற்கும்; யந்திரம் நின்றபின் அடுப்பைத் திறக்கிறவனுக்கே அபாயம்.

தோட்டத்து ஜனங்கள் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள்; கோப்பிக் காலத்துப் பெயர் தேயிலைக் காலத்திலும் நிலைத்துவிட்டது. சக்கரத்துக்கும் அவர்களிடையே போர்த்துக்கேயர் வழிவந்த ரோதை என்ற பெயர் வழங்குகிறது. அந்த ரோதைக்கு ஒரு முனி உண்டு. ரோதை முனி என்று பெயர். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்துவந்த மக்கள், ஊர் எல்லையிலே காவல் நின்ற முனியாண்டியைத் தங்களுடனே மலைக்குக் கொண்டுவந்தார்கள். காடு வெட்டும்போது மலையிலே நிறுத்தினார்கள். யந்திரம் வந்தபோது யந்திரத்தின் பக்கத்திலும் நிறுத்தினார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, ஆண்டுக்கொருமுறை சேவலோ கிடாயோ பலியிட்டு, ‘நீ கேட்கிற இரத்தத்தை நாங்களே கொடுத்துவிட்டோம், ஆளைத் தொடாதே’ என்ற பாவனையிலே வேண்டிக்கொள்வார்கள். படித்தவர்கள் பலர் இதனை மூடபக்தி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வார் கழன்று ஒருவனுடைய கையை இழுத்துக்கொண்டு போன இடத்தில், மறுநாள் காலையில் மறுபடியும் அதே வாரின் கீழே நிற்கவேண்டிய இன்னொருவனுடைய மனத்தை எண்ணிப் பார்த்தால் அந்த வார்த்தை நாவில் வராது. தவிரவும் அந்தப் பூசை நடக்கும்போது யந்திரம் நிற்கிறது; அதனைச் சுற்றிக் கழுவித் துடைக்கிறார்கள்; எல்லாரும் ஒருங்கே நின்று அதைப் பயபக்தியோடு பார்க்கிறார்கள். ஓர் அபாயத்தைச் சமுதாயம் முழுவதும் ஆண்டுக்கொருமுறை கூடி நினைவுகூர்வதற்கு அதைவிட வேறு ஏற்பாடு அக்காலத்தில் லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களுக்கு எவரும் செய்துகொடுக்கவில்லை.

ஸ்டோரிலே தம் வாலிபத்தையெல்லாம் கழித்த முதியவர் ஒருவரிடம் நான் ஒரு நாள் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “முனிக்குப் பூசை போட்டாலும் நம்ம புத்தி நம்மகிட்ட இருக்கணும் ஐயா,” என்றார் அவர். “பெல்ட்டு ஓடுறப்ப கழுத்துல துண்டு கெடக்கக்கூடாது, சாரத்து நுனி தொங்கக்கூடாது. கேஸ் இஞ்சின் வீட்டுக்குள்ள தலை வலிச்சா ஒரு நிமிசம் நிக்காத, வெளிய ஓடுன்னு எங்கப்பா சொல்லுவாரு. பூனைய உள்ள கட்டிப்போட்டவங்களும் இருந்தாங்களாம்.” பூனையைக் கட்டியது உண்மையோ கேட்ட கதையோ, அவருக்கும் நிச்சயமில்லை. ஆனால் தலைவலியை முதல் எச்சரிக்கையாகக் கொண்டது சரியான வைத்தியம். மூக்கால் அறியமுடியாத வாயுவைத் தங்கள் தலையால் அறிந்துகொண்டார்கள்.

தூசியின் கதை வேறு. உலர்ந்த இலையைச் சலிக்கும் அறையிலே பறக்கும் நுண்ணிய பஞ்சுபோன்ற தூசி, மார்புக்குள் போனால் இருமலும் மூச்சுத்திணறலும் தரும். செறிந்து நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளவும் கூடும். கொழும்பிலே வெகுகாலம் வைத்திய ஆராய்ச்சி செய்த அல்டோ கஸ்தெல்லானி, சால்மர்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய உஷ்ணதேச வைத்திய நூலிலே தேயிலையோடு பழகுவோருக்கு வரும் இருமலைப்பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பின்பு அரை நூற்றாண்டு சென்று, 1970இலும் 1980இலும், நம் நாட்டுச் சுவாசநோய் நிபுணரான ஊரகொட தேயிலைத் தொழிலாளரின் ஆஸ்துமாவையும் மார்புச்சளியையும் முறையாக ஆராய்ந்து எழுதினார். காரீயச் சுரங்கத்தார், கறுவாத் தோலுரிப்போர், இலவம்பஞ்சு அடைப்போர் என்று இத்தீவின் எளிய தொழில்களையெல்லாம் தேடிப்போய் அவர்களுடைய மூச்சைக் கேட்ட அம்மருத்துவருக்கு நம்மவர் இன்னும் போதிய மரியாதை செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் என்ன செய்தது? 1896இலேயே சுரங்கங்களையும் யந்திரங்களையும் பற்றிய பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. 1934இல் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சுழலும் யந்திரத்துக்கு வேலியிடவேண்டும், தூசியையும் புகையையும் அகற்றவேண்டும், கொதிகலங்களைக் குறித்த காலத்தில் பரிசோதிக்கவேண்டும், விபத்தையும் தொழில்நோயையும் அறிவிக்கவேண்டும் என்றெல்லாம் விதித்தது. இவை பெரிய காரியங்கள். வாருக்கும் கப்பிக்கும் கம்பிவேலி வந்தபின் எத்தனை கைகள் தப்பின என்பதைக் கணக்கிட முடியாது. தப்பிய கைக்குக் கணக்கேது? ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஸ்டோரின் வாசற்படிவரைக்கும் அது வந்தது. படிக்கு அப்பால் மலை தொடங்கியது.

மலையிலே புதிய அபாயம் ஒன்று, சட்டம் வந்து நாலே ஆண்டில் ஏறிற்று. 1946இல் தேயிலையின் இளந்தளிரிலே கொப்புளம் எழுப்பும் பூஞ்சணநோய் இலங்கைக்குள் வந்தது. கோப்பித் துரு செய்த நாசத்தை மறக்காத தோட்டக்காரர்கள் நடுங்கினார்கள். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் செப்புச் சேர்ந்த பூஞ்சணக்கொல்லிகளைத் தெளிக்கும் முறையை வகுத்துப் பரப்பினார்கள், தேயிலை பிழைத்தது. அதனை நான் குறைத்துப் பேசமாட்டேன். அன்று தேயிலை போயிருந்தால் லட்சக்கணக்கான நம் மக்களுடைய அடுப்பும் அன்றே அணைந்திருக்கும். ஆனால் மழைக்காலத்தில் வாரந்தோறும் மருந்தடிக்கும் ஒரு புதிய தொழில் அன்று பிறந்தது. அதன்பின் களைக்கும் மருந்து வந்தது. 1962இல் உலகச் சந்தைக்கு வந்த பரகுவாட் என்னும் களைக்கொல்லி, மண்வெட்டியும் முள்ளும் எடுத்துப் பல பேர் பல நாள் செய்த வேலையை ஓர் ஆள் ஒரு நாளில் முடிக்கச் செய்தது. செம்பு கண்ணையும் தோலையும் எரிக்கும். பரகுவாட்டோ ஒரு வாய் உள்ளே போனால் மாற்று மருந்தில்லாத நஞ்சு, நாளடைவில் நுரையீரலை இறுகச்செய்து கொல்லும்.

மருந்தடிப்பவனை நீங்கள் அருகிலே பார்த்திருக்கிறீர்களா? முதுகிலே தொட்டி, அதன் வார் இரண்டு தோளிலும் அழுத்தியிருக்கும். இடக்கை பிடியை மேலும் கீழும் அசைத்தபடி இருக்க, வலக்கை குழாயைத் தாழப்பிடித்து இடமும் வலமும் வீசும். தேயிலை வரிசையின் நடுவே சரிவிலே கால் வழுக்காமல் பின்னோக்கி நடக்கவேண்டும்; முன்னோக்கி நடந்தால் தெளித்த ஈரத்துக்குள்ளேயே கால் போகும். தொட்டியின் மூடி சரியாக இறுகாவிட்டால், குனியும்போதெல்லாம் பிடரியிலே ஒரு துளி விழும்; அது முதுகெலும்பின் வழியே சட்டைக்குள் இறங்கி, இடுப்புக் கயிறு வரை போகும். காற்று திசைமாறிய கணத்தில் உதட்டிலே கசப்புத் தட்டும். இறப்பர்க் கையுறையும் முகமூடியும் நீண்ட காலணியும் அணியவேண்டும் என்று போத்தலிலே படம் போட்டிருக்கிறது. பகல் வெயிலிலே மலை ஏறுபவனுக்கு அந்த உடை ஒரு மணி நேரத்துக்குள் உலையாகிவிடும். பலரும் கழற்றி வைத்துவிடுவதற்கு அறியாமை ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமன்று.

தொழிற்சாலைச் சட்டத்தின் பரிசோதகர் இந்த மனிதனைக் காணவில்லை. அவன் தொழிற்சாலையில் இல்லையே. பீடைகொல்லிகளுக்கென்று தனிச்சட்டம் 1980இல்தான் வந்தது, அவ்வாண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாக. இரண்டு ஆண்டு கழித்து, ஜெயரத்தினம் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் இலங்கை முழுவதற்குமான கணக்கை வெளியிட்டார்கள்: பீடைகொல்லி நஞ்சினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார்கள், சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள். அவர்களிலே பெரும்பாலோர் மனமுடைந்து தாமே நஞ்சை உண்டவர்கள்; மற்றையோரில் வேலையிலே நஞ்சேறியவர்களும் இருந்தார்கள். வீட்டின் மூலையிலே கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இருப்பதுதான் இரண்டு வகையாருக்கும் பொதுவான கேடு. 1995இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முதல் வகுப்பைச் சேர்ந்த கொடிய பீடைகொல்லிகளும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் படிப்படியாகப் பரகுவாட்டும் தடை செய்யப்பட்டன. நஞ்சுண்டு இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. கொடிய பொருளை அப்புறப்படுத்தியதே பெரிய பாதுகாப்பாயிற்று.

இந்த உண்மையை இரசாயன உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1974 ஜூன் முதல் நாளில் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பறோ தொழிற்சாலை வெடித்து 28 பேர் மாண்டபின்பு, திரெவர் கிளெட்ஸ் என்னும் பொறியியலறிஞர், அபாயமான பொருளைப் பெருமளவில் சேர்த்துவைத்து அதன்மேல் கருவிகளை அடுக்கிக் காவல் காப்பதைவிட, அதனைக் குறைவாக வைத்திருப்பதும் சாதுவான வேறொன்றைக் கையாள்வதும் மேல் என்று எடுத்துரைக்கலானார். அவர் பேசத் தொடங்கிப் பத்தாண்டும் நிறையுமுன், 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவில், போபால் நகரத்துப் பீடைகொல்லித் தொழிற்சாலையின் ஒரே தொட்டியிலிருந்து மெதைல் ஐசோசயனேட் என்னும் நஞ்சு ஏறத்தாழ 40 தொன் அளவுக்கு வாயுவாய்ப் பொங்கி, உறங்கிக்கொண்டிருந்த ஏழைக் குடிசைகளின்மேல் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தத் தொட்டிக்குள்ளே நீர் புகுந்ததே பேரழிவைத் தூண்டிற்று. தும்பறை முற்றத்திலே காத்த நீர், போபாலிலே கொன்றது. எந்தப் பொருளுக்கு நீர் நட்பு, எந்தப் பொருளுக்குப் பகை என்ற ஞானம் அதைத் தொடுகின்றவனுடைய கையிலே இருக்கவேண்டும். அன்றிரவு அங்கே வேலையிலிருந்தவர்களுக்கு அதைத் தீர்க்கமாகச் சொல்லிக்கொடுத்தும், குளிரூட்டும் சாதனத்தை ஓட்டியும், நஞ்சை உரலளவாகக் குறைத்தும் வைத்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது.

சென்ற முறை ஹந்தானை நூதனசாலையைப் பார்த்துவிட்டு இறங்கிவரும்போது, தெருவோரத் தேயிலையிலே ஒருவர் மருந்தடித்து முடித்துத் தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே சிறிது தூரத்தில் பாறையிடுக்கிலிருந்து பீலி ஒன்று தெளிவாய் விழுந்துகொண்டிருந்தது. தொட்டியைக் கழுவ அங்கேதான் போவார் என்று நினைத்து நான் நின்றேன். அவர் ஒரு வாளியை மாத்திரம் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய், நீரை மொண்டு, மறுபடியும் மேட்டில் ஏறி, நீரோட்டத்துக்கு எட்டாத தேயிலை வரிசைக்குள் நுழைந்து, அங்கே தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினார். இப்படித்தான் செய்யவேண்டுமென்று யாராவது சொல்லித்தந்தார்களா என்று கேட்டேன்.

“சொல்ல என்னங்க ஐயா இருக்கு? கீழ் லயத்துப் புள்ளைங்க குடிக்கிற தண்ணில்ல,” என்றார். அவருடைய கைகளில் உறை இல்லை. விரல்களின் இடுக்கிலே மருந்து காய்ந்து வெளிறிக் கிடந்தது. வாளியில் எஞ்சிய நீரைக் கைகளில் ஊற்றி ஒரு தடவை தேய்த்துக்கொண்டு, தொட்டியை மறுபடியும் தோளில் ஏற்றினார்.